இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட்: மிச்சிகன் மைதானம் காலியான கதை

2014 செப்டம்பர் கடைசியில், ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய கடைகளில் ஒரு சலுகை வந்தது. இரண்டு கோக் பாட்டில் வாங்கினால், அந்தச் சனிக்கிழமை மினசோட்டா அணியுடன் நடக்கும் அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை) ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம். பாட்டில்களின் விலை மூன்று டாலர் சொச்சம். அந்த டிக்கெட்டை முறைப்படி வாங்கினால் ஒன்றுக்கே 75 டாலர். செய்தி பரவிய அன்றே சலுகையை இழுத்து மூடிவிட்டார்கள். பயனில்லை. ஏற்கனவே முழு விலை கொடுத்து சீசன் டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறைபோல இருந்தது. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 31 அன்று, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானங்களில் ஆட்ட நாள் சூழல் கெட்டுவிட்டது என்ற புலம்பல் எல்லா ஊரிலும் உண்டு. டிக்கெட் விலை, டிவி விளம்பர இடைவேளை, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர் பாட்டு, நண்பகல் வெயிலில் தொடங்கும் ஆட்டம் என்று பட்டியல் நீளும். அதில் மிச்சிகனை எடுத்துக்கொள்ளக் காரணம், இங்கே புலம்பல் புலம்பலோடு நிற்கவில்லை. ரசிகர்கள் ஒரு நிர்வாகத்தையே மாற்றினார்கள். எதை மாற்ற முடிந்தது, எது அவர்கள் கைக்கு எட்டாமல் போனது என்பது இந்தக் கதையில் பளிச்சென்று தெரிகிறது.

என்ன இருந்தது

மிச்சிகன் மைதானம் 1927-ல் திறக்கப்பட்டது. இன்றைய அதிகாரபூர்வ இருக்கை எண்ணிக்கை 1,07,601. 2014-ல் 1,09,901. அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் அதுதான், ஊர்க்காரர்கள் சொல்வது ‘பிக் ஹவுஸ்’. பெயரைக் கேட்டு வானளாவிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கிண்ணத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. வாயிலைத் தாண்டி உள்ளே வந்ததும் காலுக்குக் கீழே பள்ளத்தாக்குபோல் வரிசை வரிசையாகப் பெஞ்சுகள் இறங்கிப் போகும். பெரும்பாலான இடங்களில் சாய்வு கிடையாது, கைப்பிடி கிடையாது. பெஞ்சில் எழுதிய எண்தான் உங்கள் இடம், குளிர்கால கோட்டு போட்ட இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்தால் எண்ணும் மறைந்துவிடும்.

வசதி என்று பார்த்தால் மோசம். ஆனாலும் 1975 நவம்பர் 8 முதல், ரசிகர்களை அனுமதிக்காத 2020 கோவிட் சீசனைத் தவிர, ஒரு லட்சத்துக்குக் குறைவாக அங்கே கூட்டம் பதிவானதில்லை. 1968-ல் விளையாட்டுத் துறைத் தலைமைக்கு வந்த டான் கேனம், ஃபுட்பால் சனிக்கிழமையைக் குடும்பத்தோடு போகிற ஒரு நாள் பயணமாக விற்றார். வீடு வீடாகத் தபாலில் விளம்பரம் அனுப்பினார். ஆகவே சந்தைப்படுத்துதலே பாவம் என்று பழைய ரசிகர்கள் சொல்லும் வாதம் எடுபடாது. விற்றுத்தான் அந்தக் கூட்டமே சேர்ந்தது. ஆனால் மைதானத்துக்குள்ளே விளம்பரப் பலகை இல்லை. இரவு ஆட்டம் இல்லை. இசை என்றால் பல்கலைக்கழக பேண்டின் இசை. வீரர்கள் ஓடி வருகையில் நீலப் பதாகையைத் தாவித் தொடுவார்கள். மாணவர் பகுதி முழுக்க நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும். இதெல்லாம் யாரோ தயாரித்துக் கொடுத்த நிகழ்ச்சி கிடையாது. வந்தவர்களே செய்தது, அதுவும் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு.

பிராண்டன் வந்த பிறகு

டேவ் பிராண்டன் வெளியாள் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் போ ஷெம்பெக்லர் பயிற்சியாளராக இருந்தபோது அதே அணியில் இருந்தவர். பல்கலைக்கழகத்தை ஆளும் ரீஜென்ட் குழுவில் எட்டு ஆண்டு உறுப்பினர். டோமினோஸ் பீட்ஸா நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்துவிட்டு 2010 மார்ச்சில் விளையாட்டுத் துறைக்கு வந்தார். அந்த ஆண்டுதான் 22.6 கோடி டாலர் செலவில் மைதானத்தின் இரு பக்கமும் சொகுசு அறைகள் கொண்ட செங்கல் கட்டடங்கள் எழுந்து முடிந்தன. சொகுசு அறைகளைப் பலர் திட்டினார்கள். உண்மையில் அந்தக் கட்டடங்கள் ஒரு நன்மையும் செய்தன: முன்பு வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த கூச்சல் உள்ளேயே திரும்ப ஆரம்பித்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் அவருக்கு நல்ல காலம். 2011 செப்டம்பர் 10 அன்று, பழைய போட்டி அணியான நோட்டர் டேமுடன் மைதான வரலாற்றின் முதல் இரவு ஆட்டம். 1,14,804 பேர். கடைசி இரண்டு நொடி மிச்சமிருக்க 35-31 என்று மிச்சிகன் வென்றது. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த இரவு பிராண்டனுக்கு ஒரு தவறான பாடத்தைக் கற்றுக் கொடுத்தது என்பது என் கணிப்பு. விளக்கு, பழைய பாணி ஜெர்சி, ஸ்பீக்கர் பாட்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்டத்துக்கென்றே ஒரு பெயர் சூட்டல், இவைதான் அந்தச் சூழலை உண்டாக்கின என்று அவர் எடுத்துக்கொண்டார். எதிரணி நோட்டர் டேம், ஆட்டம் கடைசி நொடிவரை இழுத்தது, கூட்டம் பகலெல்லாம் வளாகத்தில் காத்துக் கிடந்தது என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பேண்ட் வாசிக்க வேண்டிய இடைவெளிகளை ஸ்பீக்கர் பாட்டு பிடித்துக்கொண்டது. டச் டவுன் (புள்ளி) ஆகாத, ஒன்றுமே நடக்காத நிமிடங்களில்கூட ஏதாவது ஒலித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியாது. 2012-ல் அலபாமாவுடன் டாலஸ் அருகே நடந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு, செலவு அதிகம் என்று பேண்டை அழைத்துப் போவதில்லை என முடிவானது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பணம் ஏற்பாடு செய்து அழைத்துப் போனார்கள். 2013-ல் தனி ஆட்ட டிக்கெட்டுகளுக்கு, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலை அமலானது. அந்த ஆகஸ்டில் மைதானத்துக்கு வெளியே ஒரு உணவு நிறுவனத்தின் ராட்சச மக்ரோனி முளைத்து, கேலி தாங்காமல் வந்த வேகத்தில் மறைந்தது. மக்ரோனி அற்ப விஷயம்தான். விளம்பரமே நுழையாத இடம் என்று பெருமை பேசியவர்களுக்கு அது அற்பமாகப் படவில்லை.

மாணவர் பகுதியில் நடந்த பரிசோதனை

இந்தக் கதையின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2012 சீசன் வரை மாணவர்களுக்கு இருக்கை எண் ஒதுக்கப்பட்டது. அதிக ஆண்டு படித்தவர்களுக்கு முன் வரிசை, முதலாண்டு மாணவர்களுக்கு மேலே. நண்பர் கூட்டமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒன்றாக உட்காரலாம். நிர்வாகத்துக்கு இதில் ஒரு நியாயமான குறை இருந்தது. டிக்கெட் வாங்கிய மாணவர்களில் கணிசமானவர்கள் வருவதே இல்லை. வருபவர்களிலும் பலர் முதல் கால்பகுதி முடிந்துதான் உள்ளே வருவார்கள். நண்பகல் ஆட்டம் தொடங்கும்போது, தொலைக்காட்சி கேமரா காட்டும் மூலையிலேயே பெஞ்ச் பளபளவென்று காலியாகத் தெரியும்.

அதற்கு 2013-ல் நிர்வாகம் கண்ட தீர்வு: எண்ணே வேண்டாம், முதலில் வருபவருக்கு முதல் இடம். கூடவே விலையையும் ஏற்றினார்கள்.

தாளில் பார்த்தால் சரியான ஏற்பாடு. சீக்கிரம் வருபவருக்குப் பலன் உண்டு. ஆனால் ஒரு மாணவர் ஆட்டத்துக்கு எப்படிப் போகிறார் என்று யோசித்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்கள். காலையில் ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம் சேரும். ஒருவர் எட்டு மணிக்கே தயார், ஒருவர் பத்தரைக்குத்தான் எழுந்திருப்பார், ஒருவருக்கு நூலக வேலை. எல்லோருக்கும் எண் இருந்தபோது அவரவர் நேரத்தில் வந்து ஒரே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எண் போனதும், கடைசியாக வரும் நண்பருக்காக முழுக் கூட்டமும் தாமதிக்க வேண்டும், இல்லையென்றால் பிரிய வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர்கள் மூன்று ஆண்டு மேலே உட்கார்ந்து காத்திருந்து, கீழே இறங்கும் முறை வந்தபோது அந்த வரிசையே கலைந்துவிட்டது. ஏற்கனவே பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு மாற்றம் தெரிய வந்தது என்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

மாணவர் பேரவை சண்டை போட்டு, 2014-க்கு எண் முறையை மீட்டது. இம்முறை முந்தைய வருகைப் பதிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை. அது நல்ல முறைதான். ஆனால் விலை இறங்கவில்லை. ஏழு ஆட்டத்துக்கு 280 டாலர். அந்த ஆண்டு உள்ளூர் அட்டவணையில் கூட்டம் இழுக்கும் எதிரணிகளான ஒஹையோ ஸ்டேட் இல்லை, மிச்சிகன் ஸ்டேட் இல்லை, நோட்டர் டேம் இல்லை. சிறிய அணிகளான அப்பலாச்சியன் ஸ்டேட்டும் மயாமி ஒஹையோவும் இருந்தன. 2013-ல் 20,000-ஐ நெருங்கிய மாணவர் சீசன் டிக்கெட் விற்பனை, ஒரே ஆண்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

விற்காத மாணவர் இருக்கைகளை மற்றவர்களுக்கு விற்றார்கள். கணக்குக்கு அது சரி. ஆனால் நின்று கத்தும் பகுதியில் உட்கார்ந்து பார்க்க விரும்பும் குடும்பம் வந்து சேர்ந்தால் இரு தரப்புக்குமே எரிச்சல்தான் மிஞ்சும்.

ஆறு வாரம்

2014 ஜூலையில், இரண்டு ஆட்டங்களுக்கு வாணவேடிக்கை வேண்டும் என்ற பிராண்டனின் கோரிக்கையை ரீஜென்ட் குழு நிராகரித்தது. வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிடும் குழு வாணவேடிக்கைக்கா மறுப்பு சொல்லும் என்று வெளியாருக்கு விநோதமாக இருந்திருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குச் சைகை புரிந்தது.

செப்டம்பர் 20, யூட்டா அணியுடன் ஆட்டம். நான்காம் கால்பகுதியில் இடி மின்னல். மைதானத்தைக் காலி செய்யச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்திவைத்தார்கள். மறுபடி தொடங்கியபோது பெஞ்சுகளில் மனிதர்களைவிட மழைத்தண்ணீர்தான் அதிகம். 26-10 என்று தோல்வி. அன்றைய அதிகாரபூர்வக் கூட்டம் ஒரு லட்சத்துக்கு மேல். சில நாளில் கோக் சலுகை.

செப்டம்பர் 27, மினசோட்டா ஆட்டம். நான்காம் கால்பகுதியில் மிச்சிகனின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஷேன் மோரிஸ் தலையில் பலமாக அடிவாங்கினார். எழுந்தவர் தள்ளாடி, சக வீரர் மேல் சாய்ந்தார். அது மேல் வரிசையில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் பந்தின் அடுத்த நகர்வுக்கும் அவர் களத்திலேயே இருந்தார். பிறகு வெளியே அழைத்தார்கள். மாற்று வீரரின் ஹெல்மெட் கழன்றதால் ஒரு முறை மறுபடி உள்ளே அனுப்பினார்கள். கூட்டம் ஊளையிட்டது. தங்கள் அணியைத் தாங்களே ஊளையிட்டது தோல்விக்காக இல்லை, அந்தப் பையனுக்காக. இந்த ஒரு காட்சியை நினைவில் வைத்தால், பின்னால் நடந்ததை ‘தோற்றதால் வந்த கோபம்’ என்று யாரும் சுருக்க முடியாது.

திங்கட்கிழமை பயிற்சியாளர் பிராடி ஹோக், மோரிஸுக்கு மூளை அதிர்ச்சி இல்லை என்றார். அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் பிராண்டன் பெயரில் வந்த அறிக்கை, லேசான மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம் என்றது. மறுநாள் மாணவர்கள் வளாகத்தின் நடுத்திடலில் கூடி, பல்கலைக்கழகத் தலைவர் மார்க் ஷ்லிஸலின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். பிராண்டனை நீக்கக் கோரிய மனுவில் 10,000-க்கும் மேல் கையெழுத்து. அக்டோபர் கடைசியில் அவருடைய மின்னஞ்சல்கள் வெளியாகின. குறை சொல்லி எழுதிய ரசிகர்களுக்கு, வேறு அணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் பதில் போட்டிருந்தார். சில நாளில் கதை முடிந்தது. பிரிவுத் தொகையாக அவருக்குச் சுமார் 30 லட்சம் டாலர் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு பெரிய பொம்மைக் கடைத் தொடரின் தலைவரானார், அது 2017-ல் திவால் மனு போட்டது. அந்தக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் ஆன் ஆர்பரில் சிலர் விடாமல் சொல்வார்கள்.

தோல்விதான் காரணமா?

பிராண்டன் ஆதரவாளர்களின் வாதம் எளியது: அணி ஜெயித்திருந்தால் மக்ரோனியையும் மன்னித்திருப்பார்கள். 2014-ல் அணி 5 வெற்றி, 7 தோல்வி. 2015-ல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்து 10 ஆட்டம் வென்றதும் கூட்டம் நிரம்பியது. பார்த்தீர்களா என்பார்கள்.

இதைச் சோதிக்க வேறு ஆண்டைத் தேட வேண்டாம், அதே மைதானத்தில் 2008 இருக்கிறது. அந்த ஆண்டு மிச்சிகன் 3 வெற்றி, 9 தோல்வி, 2014-ஐவிட மோசம். ஆனால் சராசரிக் கூட்டம் 1,08,000-க்கு மேல், நாட்டிலேயே முதலிடம். யாரும் கோக் பாட்டிலோடு டிக்கெட் கொடுக்கவில்லை. தலைமுறையாக வருகிற ரசிகர் ஒரு மோசமான ஆண்டைப் பொறுத்துக்கொள்வார். தன் பெஞ்ச் எண்ணை விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் அதில் ஒரு பங்கு. 2014-ல் அந்தப் பயமே இல்லை. எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், வெளியே இன்னும் மலிவாகவே கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. நிர்வாகம் விலையை ஏற்ற ஏற்ற, ரசிகர் முதன்முறையாகக் கணக்குப் போட ஆரம்பித்தார். அதுவரை அது அவருக்குச் சனிக்கிழமைப் பழக்கம், கணக்குப் போட்டதே இல்லை.

பொறுப்பை முழுக்க ஒருவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. இருக்கை உரிமைக்காகக் கட்டாய ‘நன்கொடை’ வாங்கும் முறை மிச்சிகனில் 2005-லேயே வந்துவிட்டது. சொகுசு அறைத் திட்டமும் அவருக்கு முந்தைய நிர்வாகத்தினுடையது. மாணவர்கள் தாமதமாக வருவது மிச்சிகனுக்கு மட்டுமான நோயும் இல்லை. தேசிய சாம்பியன் பட்டங்களை வரிசையாக அள்ளிய அலபாமாவிலேயே, மாணவர்கள் பாதியில் கிளம்புகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபன் 2018-ல் வெளிப்படையாகக் குறைபட்டார். மறு ஆண்டு அங்கே, மாணவர் எங்கே இருக்கிறார் என்று கைபேசி வழியே பார்த்து, நான்காம் கால்பகுதிவரை இருந்தால் 250 புள்ளி தரும் செயலியைக் கொண்டுவந்தார்கள். ஜெயிக்கிற அணிக்கும் இந்தக் கதி என்றால், வெற்றி ஒன்றே மருந்து என்பவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2018-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பல பல்கலைக்கழகங்களின் ஸ்கேன் பதிவுகளை வாங்கிப் பார்த்தபோது, முந்தைய சீசனில் உண்மையில் உள்ளே வந்தவர்கள் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையில் சுமார் 71 சதவீதம்தான்.

எது சரியானது

பிராண்டனுக்குப் பின் தற்காலிகமாக வந்த ஜிம் ஹாக்கெட்டும் முன்னாள் வீரர், பெரிய நிறுவனத் தலைவர். காகிதத்தில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. அவர் செய்த முக்கிய வேலை ஒன்றுதான். 2015-க்கான மாணவர் சீசன் டிக்கெட்டை 280 டாலரிலிருந்து 175 டாலருக்கு இறக்கினார். ஆட்டத்துக்கு 40 டாலர் என்பது 25 ஆனது. ஹார்பாவை அழைத்து வந்தது இதைவிடப் பெரிய செய்தி, சந்தேகமில்லை. ஆனால் விலைக் குறைப்பை அறிவித்தபோது ஹார்பா இன்னும் வந்திருக்கவில்லை. மாணவர் பகுதி இல்லாமல் மற்ற எண்பதாயிரம் பேருக்கு விற்க எதுவும் இல்லை என்பது ஹாக்கெட்டுக்குப் புரிந்திருந்தது.

எது சரியாகவில்லை

இன்று மிச்சிகன் ரசிகரிடம் மைதானத்தில் என்ன கடுப்பு என்று கேட்டால், முதல் பதில் அநேகமாகத் தொலைக்காட்சி இடைவேளைதான். புள்ளி எடுத்தாயிற்று, கூட்டம் கொதிக்கிறது, அடுத்த உதைக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அப்போது பக்கக்கோட்டுக்கருகே சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் களத்துக்குள் வந்து நிற்பார். அவர் நிற்கும்வரை ஆட்டம் கிடையாது. வீட்டில் இருப்பவர் விளம்பரம் பார்ப்பார். மைதானத்தில் இருப்பவர் தொப்பிக்காரரைப் பார்ப்பார். உதை நடக்கும், பந்து எல்லைக்கு வெளியே போகும், மறுபடி தொப்பி. நவம்பர் குளிரில் இப்படி இரண்டு முறை அடுத்தடுத்து நின்றால், கூட்டத்தின் சூடு இறங்குவதைக் காதாலேயே கேட்கலாம். அறுபது நிமிட ஆட்டம் மூன்றேகால் மணி நேரத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

நேரத்தைக் குறைக்க 2023-ல் கடிகார விதியை மாற்றினார்கள்: முதல் டவுன் எடுத்தால் (அதாவது பந்தைப் பத்து கஜம் முன்னேற்றினால்), அரைப்பகுதிகளின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, கடிகாரம் நிற்காது. குறைந்தது ஆட்டம்தான், விளம்பரம் குறையவில்லை. 2024-ல் இரண்டு நிமிட எச்சரிக்கை என்ற பெயரில் ஒவ்வொரு அரைப்பகுதியிலும் இன்னொரு நிறுத்தம் சேர்ந்தது. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதும் பல வாரங்களில் பன்னிரண்டு நாளோ ஆறு நாளோ முன்புதான் தெரியும். ஒளிபரப்பு நிறுவனம் தேர்ந்தெடுக்கும்வரை, தூர ஊரிலிருந்து வருபவர் ஓட்டல் அறையை எந்த நாளுக்கு, எந்த நேரத்துக்கு என்று ஊகித்து எடுக்க வேண்டியதுதான்.

இதற்கு எதிராக யாரும் ஊர்வலம் போகவில்லை. எங்கே போவது? மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு 2022-ல் மூன்று ஒளிபரப்பு நிறுவனங்களுடன் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு மாணவரின் 175 டாலர் எங்கே நிற்கும்? 2014-ல் ரசிகர்களுக்குக் கிடைத்த பிடி, காலி பெஞ்ச் கேமராவில் தெரிந்ததும் டிக்கெட் வருமானம் அடிவாங்கியதும்தான். ஒளிபரப்புப் பணம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. விலையைத் தீர்மானித்தவருக்கு ஒரு பெயர் இருந்தது, அலுவலகம் இருந்தது, மின்னஞ்சல் முகவரி இருந்தது. தொப்பிக்காரர் ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்கிறார், அவ்வளவே.

இதற்கிடையில் மாநிலச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, 2024 சீசனில் மிச்சிகன் மைதானத்தில் முதன்முறையாக பியர் விற்பனை தொடங்கியது. வருமானமும் வரும், வெளியே அவசரமாகக் குடித்துவிட்டு வரும் பழக்கமும் குறையும் என்பது நிர்வாகத் தரப்பு. வரிசை நீளம்தான். ஆனால் இடைவேளைகளும் நீளம் என்பதால், வாங்கப் போனவர் பெரும்பாலும் ஆட்டத்தைத் தவறவிடுவதில்லை.